தூளிக்கு அடியில் ஒரு போர்வை

கேள்வி: பீடோருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கூட்டாளிகளோடு கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் கேம்பிங் போனோம். மற்றவர்கள் கூடாரத்தில் படுத்தார்கள், நான் மட்டும் இரண்டு மரத்துக்கு நடுவே ஹேமக் (தொங்கு படுக்கை) கட்டினேன். 15 டிகிரி என்று எழுதியிருந்த ஸ்லீப்பிங் பேக், அதற்குள் ஸ்வெட்டர். அப்படியும் விடிய விடிய முதுகு விறைத்துப்போய்த் தூக்கமே இல்லை. டிசம்பரில் இதைவிட உயரமான மலைக்குப் போகிறோம். இன்னும் தடிமனான பேக் வாங்கினால் சரியாகிவிடுமா? கையில் 400 ரிங்கிட் இருக்கிறது.

பதில்: தடிமனான பேக் வாங்காதீர்கள் தம்பி. அந்தக் காசு வீணாகிவிடும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முதுகு விறைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், நெஞ்சு குளிர்ந்தது என்று எழுதவில்லை. ஹேமக்கில் குளிர் கீழேயிருந்துதான் வரும்.

ஸ்லீப்பிங் பேக்கின் துணி உங்களுக்குச் சூடு தருவதில்லை. உள்ளே இருக்கும் பஞ்சு, தன் இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. அந்த அசையாத காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கிறது. நீங்கள் பேக்குக்குள் புகுந்து ஹேமக்கில் படுத்ததும், முதுகு, இடுப்பு, தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கி அப்பளம் ஆகிவிடுகிறது. பிறகு உங்கள் முதுகுக்கும் மலைக்காற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று மெல்லிய நைலான் துணிதான் மிச்சம். கூடாரத்தில் படுத்தவருக்கும் பஞ்சு நசுங்கத்தான் செய்யும். ஆனால் அவருக்கு அடியில் பாய் இருந்திருக்கும், தரைக்கும் அவருக்கும் இடையில் காற்று ஓடவில்லை. உங்களுக்குக் கீழே ராத்திரி முழுக்க ஓடியது. எத்தனை தடிமனான பேக்காக இருந்தாலும் கதை இதுதான்.

இது நமக்குப் புதிய சங்கதி இல்லை. என் பாட்டி ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். உத்திரத்தில் வரிசையாகச் சாரோங் தூளிகள் தொங்கும். அம்மாமார் காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், மழைக்காலம் என்றால் கொட்டகைத் தரையே சில்லென்று இருக்கும். பாட்டி பழைய ஃபிளானல் துணியை நாலாக மடித்து, தூளிக்கு வெளியே, அடிப்பக்கமாகப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போடுவார். உள்ளே விரித்தால் பிள்ளை நனைத்துவிடும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆனால் பிள்ளையின் கனம் அந்தத் துணியை நசுக்கவில்லை, அதனால் மடிப்புகளுக்கு இடையில் காற்று நின்றது, முதுகு வெதுவெதுப்பாக இருந்தது. இன்று அண்டர்குவில்ட் என்று விற்கிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஹேமக்குக்கு வெளியே, அடியில், உடம்பின் கனம் படாமல் தொங்கும் பஞ்சுப் போர்வை. நான் இதை அடிப்போர்வை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

முதலில் எவ்வளவு குளிருக்குத் தயாராக வேண்டும் என்று கணக்குப் போடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். பீடோரில் ராத்திரி 24 டிகிரி என்று வையுங்கள். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா கிட்டத்தட்ட 1,440 மீட்டர் உயரம், அங்கே 15 டிகிரி. 2,000 மீட்டரில் 11 டிகிரி. இது சாதாரண ராத்திரிக்கான கணக்கு. 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் ராத்திரியில் நிலத்துச் சூடு மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கும். அதனால் ஆற்றோரப் பள்ளத்தைவிட, அதற்குக் கொஞ்சம் மேலே சரிவில் கட்டினால் குளிர் குறைவு. காற்றும் ஈரமும் சேர்ந்தால் 11 டிகிரியே 5 டிகிரி போல அடிக்கும். டிசம்பர் மழைக்காலம் வேறு. ஆகவே 8 டிகிரியைத் தாங்குகிற மாதிரி தயார் செய்துகொள்ளுங்கள்.

பேக்கின் உறையில் இருக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒழுங்காகப் பரிசோதித்த பேக்கில் இரண்டு எண்கள் இருக்கும். 'கம்ஃபோர்ட்' என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' என்பது சுருண்டு படுத்தால் சமாளிக்கக்கூடிய வெப்பநிலை. ஒரே எண் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் லிமிட்டாகத்தான் இருக்கும். எதுவானாலும் அடியில் பாய் போட்டுப் படுத்தால் என்ற கணக்கில் வந்த எண் அது. ஹேமக்குக்கு அப்படியே பொருந்தாது.

இப்போது அடிப்போர்வை. கடையில் விற்பதில் இரண்டு வகை: வாத்து இறகு வைத்தது, செயற்கைப் பஞ்சு வைத்தது. இறகு கனம் குறைவு, சுருட்டினால் கையளவு. ஆனால் ஈரம் பட்டால் கட்டி கட்டியாகி உப்பல் போய்விடும். நம் மலைகளில் சாயங்காலமானால் மூடுபனியே மழை மாதிரி நனைக்கிறது. செயற்கைப் பஞ்சு பாதி நனைந்தாலும் ஓரளவு உப்பலாக நிற்கும், விலையும் குறைவு. இந்த நாட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அதையே நீங்கள் தைத்துக்கொள்ளவும் முடியும். நான் தாப்பாவில் லோரி கன்வஸும் குஷனும் தைக்கிறவன், பையன்களுக்கு இப்படி நிறையத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். முழுக்க ஜிப் திறக்கிற நீள்சதுர ஸ்லீப்பிங் பேக் ஒன்று வாங்குங்கள். விலை மலிவான செயற்கைப் பஞ்சு போதும். ஜிப்பைத் திறந்து விரியுங்கள். நீளவாட்டில் இரண்டு ஓரத்தையும் மூன்று சென்டிமீட்டர் மடித்து நேர்த்தையல் போட்டால் குழாய் போல வரும். அதற்குள் மூன்று, நான்கு மில்லிமீட்டர் எலாஸ்டிக் கயிற்றை ஓட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டுகிற ரப்பர் கயிறு வேண்டாம், அது போர்வையை இழுத்துப் பிடித்து நசுக்கிவிடும். தலைமாட்டு ஓரத்துக்கும் கால்மாட்டு ஓரத்துக்கும் இதே போலக் குழாய் தைத்து, சுருக்குப்பை வாய் மாதிரி இறுக்கிக்கொள்ள வசதி வையுங்கள். நீளக் கயிறுகளின் முனைகளை ஹேமக்கின் இரண்டு தலைப்புக் கொக்கியிலும் மாட்டினால் போர்வை தானாகத் தூக்கி நிற்கும். நடுவில் எங்கேயும் தையல் போடாதீர்கள். ஊசி ஓடிய ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு செத்துவிடும், அந்தக் கோட்டில் குளிர் ஏறும்.

கட்டியதும் ஏறிப் படுத்துக்கொண்டு, கூட்டாளியை அழைத்து, ஹேமக் துணிக்கும் போர்வைக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டுத் தடவச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கை உரசிக்கொண்டே போக வேண்டும். கை தாராளமாகப் புகுந்தால் இடைவெளி இருக்கிறது, அதில் குளிர்காற்று குடியேறும், போர்வை இருந்தும் இல்லாத மாதிரிதான். கையை நுழைக்கவே முடியாமல் இறுகியிருந்தால் பஞ்சு நசுங்கிவிட்டது, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முக்கியமாக இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று தோள்பட்டைக்கு மேலே, இன்னொன்று கெண்டைக்காலுக்குக் கீழே. அந்த இரண்டு வாய்களையும் சுருக்கி மூட வேண்டும். மாட்டிய அன்றே பலர் தூங்கிவிடுகிறார்கள், ஆனால் இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. பிறகு 'அதையும் வாங்கினேன், அப்படியும் குளிருது' என்று என்னிடம் வருகிறார்கள்.

விலை மலிவான பேக்கை விரித்தால் ஒற்றை அடுக்குதான், 8 டிகிரிக்கு அது மட்டும் போதாது. ஹேமக்குக்குள் ஒரு ஃபோம் பாயும் போட்டுக்கொள்ளுங்கள். யோகாப் பாய் மாதிரி தண்ணீர் உறிஞ்சாத வகை, நசுங்காத வகை. பாய் மட்டும் வைத்தே சமாளிக்கிறவர்களும் உண்டு, ஆனால் அது வழுக்கி வழுக்கி ஓடும், முதுகு வியர்க்கும், ஐம்பது சென்டிமீட்டர் அகலம் தோளுக்குக் காணாது. உங்கள் ஹேமக் இரட்டைத் துணியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் சொருகுங்கள், நகராது. தோளுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்தில் தனித் துண்டு வெட்டி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் தோத்தோ மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கனம், நனைந்தால் காயாது.

மேலே மூட உங்களிடம் இருக்கும் 15 டிகிரி பேக்கே போதும். அதற்குள் புகுந்துகொள்ளாதீர்கள். கால் பக்கம் மட்டும் ஜிப்பைப் போட்டுப் பாதத்தை உள்ளே விட்டு, மற்றதைத் திறந்து போர்வையாக மூடிக்கொள்ளுங்கள். அடியில் நசுங்கி வீணாகிற பாதியும் மேலே வந்து உதவும். ஆக 400 ரிங்கிட்டில் பெரும்பங்கு அடிக்கு. மிச்சம் ஹேமக்குக்கு மேலே கட்டும் மழை விரிப்பான ஃப்ளைஷீட்டுக்கு.

ஃப்ளைஷீட் 3-க்கு 4 மீட்டருக்குக் குறையக்கூடாது. காற்று வருகிற திசைக்கு அதன் அகலப் பக்கத்தைக் காட்டி, தாழ்வாக இறக்கி முளையடியுங்கள். திறந்த முனையைக் காற்றுக்குக் கொடுத்தால் அடிப்போர்வைக்குள் காற்று சுரங்கம் போல ஓடும். மழை பெய்யும்போது மரத்திலிருந்து, ஹேமக்கைக் கட்டியிருக்கும் வார் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து ஹேமக்குக்கே வரும். ஃப்ளைஷீட்டின் நிழலுக்குள் வார் நுழைகிற இடத்தில் ஒரு பருத்திக் கயிற்றுத் துண்டைத் தொங்கவிடுங்கள், தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

கட்டுகிற விதமும் சூட்டைப் பாதிக்கும். இழுத்து விறைப்பாகக் கட்டினால் துணி உங்களை வாழைமட்டை போல வளைக்கும், அடிப்போர்வையும் ஒட்டாது. வார் தரைக்கு 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். 70 கிலோ உடம்பென்றால் அப்போது ஒவ்வொரு பக்கத்து வாரும் 70 கிலோவைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறுக்கினால் அதே உடம்புக்கு 200 கிலோ இழுவை. வார் அறுகிறது, சின்ன மரம் வளைகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். படுக்கும்போது நேராகப் படுக்காமல், தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமுமாகக் குறுக்கே போடுங்கள், முதுகு தட்டையாகும். வார் பாலியெஸ்டராக, குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும், நடுராத்திரியில் நீங்கள் தரையில் இருப்பீர்கள்.

மரத்தைப் பார்க்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் அந்த மரம் வேண்டாம். உச்சியில் பாசி படர்ந்த குட்டை மரக் காட்டில் கட்டவே கட்டாதீர்கள். வேர் ஆழமில்லை, பாசி ஒருமுறை உரிந்தால் மறுபடி வளர வருடங்கள் ஆகும். காட்டு இலாகா அனுமதியும் மலை வழிகாட்டியும் தேவையான மலைகள் பல, கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படுக்கப் போகும்போது நடந்து நனைந்த உடுப்பை முழுக்கக் கழற்றிவிட்டுக் காய்ந்த மாற்றுடை போடுங்கள். பருத்தி பனியன் வேண்டாம், அது வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரூட்டும். கனமான பிளாஸ்டிக் அல்லது உலோகப் புட்டியில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் விடியற்காலை வரை துணையாக இருக்கும். மெல்லிய மினரல் வாட்டர் புட்டியில் வெந்நீர் ஊற்றாதீர்கள். ஹேமக்குக்கு அடியில் தீயோ அடுப்போ கூடவே கூடாது.

கூட்டாளிகளில் யாருக்காவது நிற்காத நடுக்கம், நாக்குக் குழறல், பேச்சில் தடுமாற்றம் என்றால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதன் அடையாளம் அது. ஈரத் துணியை மாற்றி, காற்றுப் படாத இடத்தில் இருத்தி, பக்கத்தில் ஆள் படுத்துச் சூடு கொடுங்கள். நடுக்கம் திடீரென்று நின்று ஆள் மந்தமாகிவிட்டால் நிலைமை மோசம், உடனே உதவிக்கு அழையுங்கள்.

பீடோரில் 24 டிகிரியில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று நீங்கள் யோசிக்கலாம். வீட்டு முன்பக்க அஞ்சடி நடைபாதையிலோ பின்பக்கத்திலோ இரண்டு உறுதியான தூண்களுக்கு நடுவே ஹேமக்கைக் கட்டுங்கள். செம்பனையில் கட்டாதீர்கள், மட்டை விழும். அடிப்போர்வையை மாட்டி, சட்டையைக் கழற்றிவிட்டுப் படுங்கள். மேசை விசிறியைத் தரையில் வைத்து, அண்ணாந்து அடிக்கிற மாதிரி திருப்பி, வேகமாக ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் இடது தோளா, இடுப்பா, கணுக்காலா என்று உங்கள் தோலே சொல்லும். எங்கே சில்லென்று படுகிறதோ அங்கே இடைவெளி இருக்கிறது. இறங்கி அந்தப் பக்கத்துக் கயிற்றை ஒரு முடிச்சு இழுத்துவிட்டு, மறுபடி ஏறிப் படுங்கள்.