பிளக் மாத்தின பிறகு ஆக்ஸியோ மிஸ் அடிக்குது, கொயில் போயிட்டுதா?

நீங்கள் சொன்னது ரொயோட்டா 141 ஆக்ஸியோ, 1500 சிசி. நாலு பிளக்கும் புதுசு, அதுக்குப் பிறகுதான் ஐடிலிங்கில நடுக்கமும் செக் என்ஜின் லைட்டும். முந்தின நாள் வரைக்கும் ஒழுங்கா ஓடின என்ஜின் எண்டால், பிழை அநேகமா நீங்கள் கைவைச்ச இடத்திலதான் கிடக்கும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக்குக் கொயில் (பிளக்குக்குப் பொறி அடிக்க மின்சாரம் குடுக்கிற பாகம்) வாங்க ஓடுறதுக்கு முதல் பொனற்றைத் திறவுங்கோ. லைட் விட்டு விட்டு மின்னுதெண்டால் காரை ஓடவேண்டாம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள்ள போய் எரியும். அது உருகினால் பிளக் செலவெல்லாம் ஒரு செலவே இல்லை.

முதல்ல கொயில் சொக்கற்றுகள். சூட்டில காய்ஞ்ச பூட்டு கழட்டேக்க முறிஞ்சிருக்கும், பூட்டின மாதிரித் தெரியும், ஆனா பூட்டுப்படாது. ஒவ்வொண்டையும் மெல்ல இழுத்துப் பாருங்கோ. தீவுப்பகுதி, வடமராட்சிக் கரையோர வாகனமெண்டால் உள்ளுக்குப் பச்சை பூத்திருக்குதா எண்டும் பாருங்கோ, உப்புக்காத்து சும்மா விடாது.

பிறகு ஸ்கானர், காரில பதிஞ்ச பிழை இலக்கத்தை வாசிக்கிற கருவி. பி0302 எண்டால் ரெண்டாம் சிலிண்டரில பெற்றோல் சரியா எரியேல்லை, அதுதான் மிஸ். எண்ணுறது ரைமிங் செயின் பக்கத்திலயிருந்து. 10 மில்லிமீற்றர் போல்ட்டைக் கழட்டி, ரெண்டாம் மூண்டாம் கொயில்களை இடம் மாத்திப்போட்டு, ஸ்கானரால பிழை இலக்கத்தை அழிச்சிட்டு ஒரு சுற்று ஓடுங்கோ. பி0303 வந்தால் கொயில்தான். அதே 0302 திரும்ப வந்தால் பிளக்குகளையும் அப்பிடியே இடம் மாத்திப் பாருங்கோ. அதுக்கும் அசையாட்டி இன்ஜெக்டர், கொம்பிரசன் பக்கம் போகவேணும். இந்தக் கொயிலுக்கு நாலு பின், அதை இயக்கிற இலெக்ரோனிக் பகுதி (இக்னைற்றர்) உள்ளுக்கே இருக்கு. மல்ரிமீற்றரால ஓம்ஸ் அளந்து நல்லது கெட்டது சொல்லேலாது, சொல்றவரை நம்பவேண்டாம்.

பிளக்கைக் கழட்டினால் வெள்ளைச் செராமிக்கை வெளிச்சத்தில உருட்டிப் பாருங்கோ. இரும்பு விளிம்பில கபில நிற வளையம் இருந்தால் பயமில்லை. பென்சிலால கீறின மாதிரி மேலயிருந்து கீழ ஒரு கறுப்புக் கோடு கிடந்தால், நெருப்புப்பொறி முனையில பாயாமல் வெளியால ஓடியிருக்கு. அப்ப கொயிலின்ர றப்பரையும் சேர்த்து மாத்தவேணும், இல்லாட்டி புதுப் பிளக்கிலயும் அதே கோடு விழும். றப்பருக்குள்ள ஸ்பிரிங் இருக்குதா, குழிக்குள்ள ஒயில் நிக்குதா எண்டும் பாருங்கோ. ஒயில் நிண்டால் மேல்மூடி கஸ்கற் கசியுது.

பிளக் முனையின்ர இடைவெளி 1.1 மில்லிமீற்றர். சீமெந்து நிலத்தில ஒருக்கா விழுந்த பிளக்கில இடைவெளி மூடியிருக்கும், செராமிக் மயிர் போல வெடிச்சிருக்கும், எறியுங்கோ. இரிடியம் முனையை நெம்பி இடைவெளி சரிக்கட்டப் போகாதேங்கோ, உடைஞ்சிடும்.

பூட்டேக்க என்ஜின் ஆறியிருக்கவேணும். வாசர் முட்டுமட்டும் கையால, பிறகு அரைச் சுற்று. ரோர்க் ரெஞ்ச் இருந்தால் 18 - 25 நியூட்டன் மீற்றர். புரிக்குக் கிறீஸ் பூசினால் அதே அளவில கூடுதலா இறுகி, அலுமினியப் புரி உரிஞ்சுபோகும். தளர்வா விட்டால் டிக் டிக் எண்ட சத்தத்தோட கொம்பிரசன் கசியும், பிளக்கும் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்.

எயார் கிளீனரைக் கழட்டியிருந்தால் அதின்ர சென்சர் சொக்கற், குழாய்க் கிளிப் ரெண்டும் சரியாப் பூட்டியிருக்குதா எண்டு பாருங்கோ. பி0171 (காத்துக் கூட, பெற்றோல் குறைய) சேர்ந்து வந்தால் பிழை அநேகமா அங்கதான்.

பழைய பிளக்குகளை எறியாமல் வைச்சிருந்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. இரிடியம் எண்டு வித்த பிளக்கின்ர நடுமுனை சாதாரணப் பிளக் மாதிரித் தடிப்பா இருந்து, பழையதைப் போட்டதும் மிஸ் இல்லாமல் போச்செண்டால், புதுசுகளைப் பெட்டியோட கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கோ.