ஒரு பாயிண்டுக்கு எவ்வளவு? டர்பன் வீட்டு வயரிங் கேள்வி பதில்

வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் வட்டாரத்து வீடுகளின் வேலைதான் எனக்குத் தெரியும், தொழிற்சாலை, மூன்று ஃபேஸ் மோட்டார் எல்லாம் கேட்காதீர்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் நடுவில் இதை ஒரு தடவை சொல்லிவிடுவேன்: டெஸ்ட் ரிப்போர்ட்டோடு சிஓசி (மின் வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) கைக்கு வராமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கே: சாட்ஸ்வொர்த்தில் மூன்று படுக்கையறை வீடு, பழைய வயரை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஒரு பாயிண்டுக்கு என்ன விலை அண்ணா?

பாயிண்ட் (ஒரு லைட் அல்லது ஒரு பிளக் வைக்கும் இடம்) விலை கேட்டால் எல்லாரும் ஒரு தொகை சொல்லிவிடுவார்கள் அக்கா. அதில் என்ன அடக்கம், என்ன தனி என்பதை நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். பிளக் பாயிண்ட் என்றால் சுவரில் தெரிகிற சாக்கெட் மட்டுமா? டிபி போர்டிலிருந்து (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) அங்கே வரைக்கும் சிவப்பு, கறுப்பு, பச்சை மஞ்சள் எர்த் என்று மூன்று வயர் ஓடுகிறது. போர்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி ஒரு பாயிண்ட் என்றால் தனியாக இழுக்க 36 மீட்டர் வயர். போர்டுக்குப் பின்பக்கச் சுவர் என்றால் 6 மீட்டரில் முடிந்தது. இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறவன் எங்கோ ஒரு இடத்தில் உங்களிடம் அதிகம் வாங்குகிறான், இல்லை என்றால் எங்கோ ஒரு இடத்தில் வேலையைக் குறைக்கப் போகிறான்.

வயரின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்: லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஸ்டவ்வுக்கு 6 அல்லது அதற்கு மேல். ஸ்டவ் வயர்தான் பணத்தைத் தின்னும், அதனால் டிபி போர்டு சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தால் லாபம். அப்புறம் சுவர். பழைய கவுன்சில் (நகராட்சி கட்டிய) வீடுகளில் செங்கல் சுவரை வெட்டிக் கண்டூட் (வயர் போகும் குழாய்) புதைக்க வேண்டும். வெட்டுவது கொட்டேஷனில் இருக்கும், திரும்பப் பூசிப் பெயிண்ட் அடிப்பது பெரும்பாலும் இருக்காது. எழுத்தில் கேளுங்கள்: எத்தனை லைட், எத்தனை பிளக், புது டிபி போர்டு உண்டா, கீசருக்கும் ஸ்டவ்வுக்கும் தனி ஐசொலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டா, தகரக் கூரை என்றால் அதற்கு எர்த் பாண்டிங் (கூரையை எர்த் வயரோடு இணைப்பது) உண்டா, பூச்சு யார் வேலை, சிஓசி விலைக்குள்ளா வெளியேவா, 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தா சேர்க்காமலா. வாட் பதிவு எண் இல்லாத ஆள் வாட் கேட்டால் ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டாம்.

கே: பீனிக்ஸில் இரண்டு அறை அவுட்பில்டிங். பாயிண்ட் விலை?

மேலே படியுங்கள் தம்பி. ஆனால் உங்களுக்கு ஒன்று கூடுதல்: பெரிய வீட்டிலிருந்து அங்கே போகும் கேபிள். தூரத்தை அளந்து வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் சிஓசியும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

கே: ஒயரை நானே வாங்கித் தந்தால் மிச்சமாகுமா?

ஆகும், வாங்கத் தெரிந்தால். இப்போது சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் சுற்றுகிறது, பார்த்தால் அப்படியே செம்பு மாதிரி இருக்கும். கடையிலேயே தராசில் வையுங்கள். 2.5 வயர் 100 மீட்டர் ரோலில் செம்பு மட்டுமே 2.2 கிலோ வர வேண்டும், மேல் பிளாஸ்டிக் தனி. 1.5 ரோலில் 1.3 கிலோ. 2.5 ரோல் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே 2 கிலோவுக்குக் கீழே நின்றால் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு இல்லை. அந்த வயரை ஸ்க்ரூவில் இறுக்கினால் நாளாக நாளாகத் தளரும், தளர்ந்த இடம் சுடும், அப்புறம் சாக்கெட் உருகும். இன்னொன்று, நீங்கள் வாங்கிக் கொடுத்த சாமானுக்குக் கையெழுத்துப் போட எந்த நல்ல எலக்ட்ரீஷியனும் யோசிப்பான். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கே: வீட்டை விற்கப் போகிறோம். பூச்சிச் சான்றிதழும் நீங்களே தருவீர்களா?

இல்லை அம்மா, மரத்தில் வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் வேறு. என்னுடையது சிஓசி மட்டும். கைமாற்றும்போது அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

கே: என் அத்தை மகன் வயரிங் நன்றாகச் செய்வான், லைசென்ஸ்தான் இல்லை. அவன் செய்து முடித்த பிறகு யாரிடமாவது சிஓசி மட்டும் வாங்கிக்கொண்டால் பாதிச் செலவில் முடியாதா?

வந்துவிட்டது. இது வராத நாளே இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2009ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகளைப் பாருங்கள்: புது வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அந்த வேலை தன் பொது மேற்பார்வையில் நடந்திருந்தால்தான் போடலாம். சுவர் பூசி முடிந்த பிறகு வந்து பார்த்துவிட்டுப் போடுவது அந்தச் சட்டத்தில் இல்லை.

வெருலத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஃபோர்மேன் ஐயா எழுதியது: "தம்பி, சிஓசி ஒரு காகிதம். காசு கொடுத்தால் வீட்டைப் பார்க்காமலே எழுதித் தருகிறார்கள். எங்கள் காலத்தில் வேலையைப் பார்த்தோம், காகிதத்தைப் பார்க்கவில்லை."

ஐயா, பார்க்காமல் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் டெஸ்ட் ரிப்போர்ட் என்று கத்துகிறேன். அதில் இன்சுலேஷன் அளவு எழுதியிருக்க வேண்டும், எர்த் லீக்கேஜ் (மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) எத்தனை மில்லி ஆம்பியரில் விழுந்தது என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டில் அது 30க்குள் விழ வேண்டும். கட்டம் காலியாக இருந்தாலோ எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் இருந்தாலோ அந்த ஆள் இன்சுலேஷன் அளக்கும் மெகரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவரே மறுபடியும்: "அப்படியானால் மெகர் வைத்துப் பார்த்தால் போதுமே. அத்தை மகன் செய்தால் என்ன, அம்பானி செய்தால் என்ன?"

போதாது ஐயா, உங்களுக்கே தெரியும். சுவருக்குள் கண்டூட்டில் பெட்டியே இல்லாமல் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிப் பூசிவிட்டால் மெகரில் நல்ல எண்தான் வரும். ஒரு வீட்டில் கெட்டிலும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பழுப்பாகிக்கொண்டே வந்தது. உடைத்தால் உள்ளே இதேதான், டேப் கரிந்து தாராக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு சிஓசி உண்டு. பூசுவதற்கு முன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதைத்தான் மேற்பார்வை என்கிறார்கள்.

ஒரு தங்கை நடுவில்: "நீங்கள் இருவரும் சொல்வது சரி. ஆனால் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? அவர்கள் அத்தை மகனிடம்தான் போவார்கள்."

இது நியாயமான கேள்வி, ஐயா கேட்டதைவிட நல்ல கேள்வி. அத்தை மகனைக் கைவிட வேண்டாம். பதிவு பெற்ற கான்ட்ராக்டர் ஒருவரை வேலை தொடங்கும் முன்பே பிடித்து, "இவன் உங்கள் மேற்பார்வையில் வேலை செய்வான், நீங்கள் வந்து குறித்துக் கொடுங்கள், பூசும் முன் வந்து பாருங்கள், கடைசியில் டெஸ்ட் செய்யுங்கள்" என்று பேசுங்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள். அவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்ட இடத்தில் சுவர் வெட்டுவது, குப்பை அள்ளுவது, பூசுவது, பெயிண்ட், இவ்வளவும் வீட்டு ஆட்களே செய்தால் கூலியில் நல்ல பங்கு குறையும். வயரிலும் பிரேக்கரிலும் குறைக்காதீர்கள்.

வெருலம் ஐயா: "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

நீங்கள் விட்டால்தானே ஐயா!

கே: எர்த் லீக்கேஜ் மழை பெய்தால் விழுகிறது. கழற்றிவிடலாமா?

கூடாது. வெளிச்சுவர் பிளக், கேட் மோட்டார், கீசர், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் தண்ணீர் புகுந்த இடம் கிடைக்கும். கழற்றச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கே: கீசர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது.

பிளம்பர்.

கே: மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர், அதற்குத் தனிச் செலவு உண்டா?

டிபி போர்டில் நிரந்தரமாக இணைத்திருந்தால் அதற்கும் சிஓசி வேண்டும், இணைத்தவர் தந்தாரா பாருங்கள். தரவில்லை என்றால் முழு வீட்டு வேலையோடு சேர்த்துச் செய்துகொள்ளுங்கள், தனியாக ஒருவரைக் கூப்பிடும் செலவு மிச்சம்.

கே: அண்ணா, டொங்காட்டில் வீடு, பாயிண்டுக்கு தோராயமாக...

தம்பி, முதல் பதில். அதையே மூன்று கான்ட்ராக்டரிடம் ஒரே பட்டியலாகக் கொடுத்து விலை கேளுங்கள். பதிவு எண்ணையும் கேளுங்கள், கேட்டதும் கோபித்துக்கொள்கிற ஆளை அதோடு விட்டுவிடுங்கள்.