குலுக்கல் போட்டு உதவலாமா?

அன்புள்ள ஐயா,

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியை ஏற்பாடு செய்யும் தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். இதனால் பலன் உண்டா என்று ஆராய வந்தவர்கள், குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு மட்டும் வழிகாட்டி தந்து, மற்றவர்களோடு ஒப்பிடலாம் என்கிறார்கள். தேவையுள்ள பிள்ளையை வேண்டுமென்றே விடுவதற்கு மனசு ஒப்பவில்லை. 'ரொம்ப உதவியா இருந்துச்சு' என்று பிள்ளைகளே சொல்கிறார்களே, அது போதாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போதாது. பிள்ளைகள் மனதாரத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் போதாது.

1939-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவரின் யோசனைப்படி தொடங்கிய திட்டமும் கிட்டத்தட்ட உங்களுடையதுதான். மொத்தம் 506 சிறுவர்கள். வயது, குடும்பம், சுபாவம் எல்லாம் பார்த்து இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். காசைச் சுண்டி ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் வழிகாட்டி. அவர் வீட்டுக்கே போவார், பாடத்துக்கு உதவுவார், வைத்தியம் பார்க்க வைப்பார், கோடை முகாமுக்கு அனுப்புவார். சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கவனிப்பு தொடர்ந்தது.

அவர்கள் நடுவயதை எட்டியபோது ஜோன் மெக்கோர்ட் என்ற ஆய்வாளர் தேடிப் பிடித்து விசாரித்தார். உதவி பெற்று, பதிலும் தந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால் நேர்மாறு. திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவர்கள், மதுவுக்கு அடிமையானவர்கள், கடும் மனநோய்க்கு ஆளானவர்கள் எல்லாம் உதவி பெற்றவர்கள் பக்கமே அதிகம். 1978-ல் அவர் இதை வெளியிட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கோடை முகாமுக்குப் போனவர்களிடம்தான் பாதிப்பு கூடுதல் என்று பிற்பாடு தெரியவந்தது. தடம் மாறும் பையன்களை ஓரிடத்தில் சேர்த்துவைத்ததே வினையாகியிருக்கலாம்.

உதவி கிடைக்காமல் போயிருந்தால் தான் எப்படி இருந்திருப்போம் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அதைக் காட்டக்கூடியவன் அந்த ஜோடிப் பையன் மட்டும்தான். அவன் இல்லையென்றால் அந்த முகாமை இன்னும் பல ஊர்களுக்கு நல்லெண்ணத்தோடு கொண்டுபோயிருப்பார்கள். எனக்கு அதை நினைத்தால்தான் பதறுகிறது.

இதற்காக வழிகாட்டுவதே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தன்னார்வ வழிகாட்டிகளைச் சேர்த்துவைக்கும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமெரிக்க அமைப்பில் நடந்து 1995-ல் வெளியான ஆய்வில், வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப் பழக்கத்தைத் தொடங்குவது கணிசமாகக் குறைந்தது. அங்கே குலுக்கலில் விடுபட்டவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, பதினெட்டு மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். அப்புறம் அதே தரவை அலசியபோது, ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகள்தான் நல்ல பலன் தந்தன என்று தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்தேவிட்டது.

உங்களிடமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான வழிகாட்டிகள் இருக்கமாட்டார்கள், இல்லையா? அப்படியானால் இப்போதே சிலர் விடுபடத்தான் செய்கிறார்கள். முதலில் கேட்டவருக்கு, தெரிந்தவர் சிபாரிசு உள்ளவருக்கு என்று கொடுப்பதைவிடக் குலுக்கல் நியாயமானது. ஆய்வு முடிந்ததும், பலன் உண்டென்றால் விடுபட்டவர்களுக்கும் வழிகாட்டி தரவேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டாவது உடன் இருக்க முடியாத தன்னார்வலரைச் சேர்க்காதீர்கள். ஆய்வு முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இந்தப் பிள்ளைகளைத் தேடிவந்து பார்ப்பார்களா என்று அந்த ஆய்வாளர்களிடம் கேளுங்கள்.