எம்.டி. முடித்தாயிற்று, அரசு மருத்துவமனையில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்த பாண்டை விட்டுவிட்டு இங்கிலாந்து கிளம்பலாமா?

வேண்டாம் டாக்டர். பாண்டுக்காகப் பிடித்து வைத்த அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலக பீரோவில் கிடக்கும்வரை எங்கேயும் நகர முடியாது. அந்த வராந்தா பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன் நான்.

நம் எம்.டி.யை மட்டும் வைத்து அங்கே மருத்துவம் பார்க்கத் தேவையான ஜி.எம்.சி. (பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில்) பதிவு கிடைக்காது. நீங்கள் பொது மருத்துவம் என்பதால் எம்.ஆர்.சி.பி. என்ற பிரிட்டிஷ் முதுநிலைத் தேர்வை எழுதுங்கள், மூன்று கட்டமும் தேறினால் வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு தேவையில்லை. முதல் இரண்டும் எழுத்துத் தேர்வு, பாண்ட் டியூட்டிக்கு நடுவிலேயே படித்துவிடலாம். மூன்றாம் கட்டமான பேசஸ் என்ற செய்முறைத் தேர்வுக்குத்தான் உயிரைக் கொடுக்க வேண்டும். நோயாளியைத் தொட்டுப் பார்த்து, அவரிடம் பேசிக் காட்ட வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனை வார்டைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7 வேண்டும். கடைசியில் எழுதுங்கள், 2 வருடம்தான் செல்லும். உங்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று மருத்துவக் கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் 3 மாதம்தான் செல்லும். இப்போதே வாங்கி வைக்காதீர்கள்.