வார்டுக்கு ஒருவரா, ஊருக்கே பொதுவா?

கேள்வி: எங்கள் தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் எதிர்ப்பக்கம் அடுத்த வார்டிலும் இருக்கின்றன. சாக்கடையைத் தூர்வாரக் கேட்டால் இரண்டு கவுன்சிலர்களும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் வார்டே கிடையாது என்றும், எல்லா உறுப்பினர்களையும் ஊர் முழுவதும் சேர்ந்தே தேர்ந்தெடுப்பதாகவும் அங்கு வேலை பார்க்கும் என் மருமகன் சொல்கிறார். இங்கும் அப்படிச் செய்யலாமே?
– வாசகி ஒருவர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் மருமகன் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த முறையைக் கடைப்பிடித்த பல நகரங்கள் அதைக் கைவிட்டு வருகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1911 முதல் அந்த நகரத்தை ஆண்ட மூன்று ஆணையர்களையும் ஊர் முழுவதும் வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவராக இருந்தும், ஒவ்வொரு இடத்துக்கும் நகரத்தின் பெரும்பான்மையே முடிவு சொன்னதால், அவர்களில் ஒருவர்கூட வெல்ல முடியவில்லை. இதை எதிர்த்து நடந்த வழக்கில், பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததென நிரூபிக்க வேண்டும் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விளைவே போதும், நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று 1982இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 1985இல் மொபீல் ஏழு தொகுதிகளாகப் பிரிந்த பிறகே கறுப்பின மக்கள் மன்றத்துக்குள் வந்தார்கள்.

இதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். தருமபுரி நகராட்சியில் 33 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 68 ஆயிரம் என்பதால், ஒரு வார்டுக்குச் சராசரியாக இரண்டாயிரம் பேர். இரண்டாயிரம் பேர் வாழும் இடத்தில் கையில் காசில்லாத ஒரு பெண்கூட வீடு வீடாக நடந்து ஓட்டுக் கேட்டு ஜெயிக்க முடியும். அறுபத்தெட்டாயிரம் பேரிடம் போக வாகனமும் சுவரொட்டியும் ஆள்பலமும் வேண்டும். அத்துடன், ஊரில் பாதிக்குச் சற்று மேல் ஆதரவுள்ள ஓர் அணி 33 இடங்களையும் அள்ளிக்கொள்ளும்; ஒரு பகுதியில் மட்டும் செறிந்து வாழும் மக்களுக்கு மன்றத்தில் பேச ஒரு நாற்காலிகூட மிஞ்சாது. பட்டியல் இனத்தவருக்கான ஒதுக்கீடும், தமிழ்நாட்டில் 2016இல் ஐம்பது விழுக்காடாக உயர்த்தப்பட்ட பெண்களுக்கான ஒதுக்கீடும் இன்று வார்டுகளின் வழியாகவே நடைமுறைக்கு வருகின்றன.

உங்கள் குறை பொய்யல்ல. எல்லைக்கோட்டுக்கு அப்பால் பார்க்க மறுப்பது வார்டு முறையின் பழைய நோய். அதனால்தான் டெட்ராய்ட், சியாட்டில் நகரங்கள் ஏழு உறுப்பினர்களைத் தொகுதிவாரியாகவும் இருவரைப் பொதுவாகவும் தேர்ந்தெடுக்கின்றன. போர்ட்லண்டு நகரம் 2024 முதல் நான்கே பெரிய தொகுதிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் மூவரை அனுப்புகிறது. எனக்கு இந்தக் கலப்பு முறைகள் பிடித்திருக்கின்றன என்றாலும், நகராட்சி இடங்களை வார்டுகளிலிருந்து நேரடித் தேர்தலில் நிரப்ப வேண்டும் என்று அரசமைப்பின் 243ஆர் பிரிவு சொல்வதால், ஊர் முழுவதும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள், அரசமைப்பைத் திருத்தாமல் இங்கு வர வழியில்லை. இப்போதைக்கு, தெருவின் இருபக்கத்தாரும் கையெழுத்திட்ட ஒரே மனுவை நகராட்சி ஆணையரிடம் கொடுங்கள். ஆணையரின் பொறுப்பு எந்த வார்டோடும் முடிவதில்லை.

கேள்வி: அப்படியானால் நகர்மன்றத் தலைவரையாவது மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா?
– வாசகர் ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: தாராளமாகச் செய்யலாம். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டத்துக்கே அரசமைப்பு விட்டிருக்கிறது. 2011இல் தமிழக மக்கள் சேர்மனை நேரடியாகவே தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 33 பேர் உள்ள மன்றத்தில் 17 பேரின் தயவில் இருக்கும் தலைவர், பணி ஒதுக்கும்போது முதலில் அந்த 17 வார்டுகளைத்தான் நினைப்பார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பகிர்வது, குப்பைக் கிடங்குக்கு இடம் பார்ப்பது, பேருந்து நிலையத்தைப் பராமரிப்பது போன்றவை எந்த வார்டுக்கும் சொந்தமில்லாதவை. ஊர் முழுவதன் வாக்கும் தேவைப்படும் ஒருவரே அவற்றைத் தம் வேலையாக எடுத்துக்கொள்வார். தலைவர் ஒரு கட்சியாகவும் மன்றத்தின் பெரும்பான்மை வேறு கட்சியாகவும் அமைந்தால் வரவுசெலவுத் திட்டமே முடங்கலாம் என்று சொல்வோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அதற்கான தீர்வைத் தலைவர், மன்றம் ஆகியோரின் அதிகாரங்களைச் சட்டத்தில் தெளிவாகப் பிரித்து எழுதுவதில்தான் தேட வேண்டும். மக்களின் வாக்கைப் பறிப்பதில் அல்ல.