மகள் அழகிப் போட்டிக்குப் போக வேண்டும் என்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு வயது 20. பி.எஸ்ஸி நர்சிங் மூன்றாம் ஆண்டு. நல்ல உயரம், நிறம் கறுப்பு. கல்லூரி விழாவில் ராம்ப் வாக் போனதிலிருந்து அழகிப் போட்டி ஆசை பிடித்துக்கொண்டது. சென்னையில் நடக்கும் ஒரு மாநிலப் போட்டியில் முதல் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறாள். பயிற்சிக்கும் உடைக்குமாக 45,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் ‘சமூகப் பணி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. “ஏதாவது முதியோர் இல்லத்துக்குப் போய் பிரெட், பழம் கொடுத்து வீடியோ எடுத்து அனுப்புங்க, போதும்” என்று போனில் சொன்னார்கள். அவள் போஸ்டிங்கில், அதாவது படிப்புக்கான களப்பயிற்சியில், கிராமத்துப் பெண்களிடம் ரத்தசோகை பற்றிப் பேசிவிட்டு வருகிறவள். அதைச் சொன்னால், “அது வீடியோவில் எடுபடாது” என்கிறார்களாம். நிறத்துக்கும் ஏதோ டிரீட்மென்ட் சொல்கிறார்கள். என் கணவரோ, “பொம்பளப் புள்ளைய மேடையில நிக்க வெச்சு மார்க் போடுறதா?” என்று கத்துகிறார். மகள் ஆசையையும் ஒதுக்க முடியவில்லை, பயமும் விடவில்லை. நான் என்ன செய்யட்டும்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் போகட்டும். ஆனால் அந்த முதியோர் இல்ல வீடியோவோடு போக வேண்டாம். 45,000 ரூபாயையும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் பணத்தைவிட, மேடையைவிட என்னை உறுத்தியது அந்த வீடியோ விஷயம்தான். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கும் மானம் உண்டு. யாரோ ஒரு பெண் வந்து, ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போவதை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதற்காக அது சேவையாகிவிடாது. உங்கள் மகளோ உண்மையான வேலை ஒன்றைக் கையில் வைத்திருக்கிறாள். அதைக் கீழே போட்டுவிட்டுப் பொய்யான ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதில் எனக்குக் கோபமே வருகிறது.

அழகிப் போட்டிக்குள் சமூகப் பணி எப்படி வந்தது என்று மகளுக்குச் சொல்லுங்கள். 1988-ம் ஆண்டுக்கான மிஸ் அமெரிக்கா கேய் லானி ரே ராஃப்கோ ஒரு நர்ஸ். மிச்சிகன் மாநிலத்துப் பெண். கிரீடம் சூடிய வருடம் முழுக்க, போன இடமெல்லாம் நர்ஸ் வேலையைப் பற்றியும், குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் இல்லங்களைப் பற்றியும் பேசினார். தன் வேலையில் கண்டதைத்தான் பேசினார். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த பிறகுதான், போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு சமூகப் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து அதற்காக உழைக்க வேண்டும் என்ற விதியை 1989-ல் மிஸ் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள். ஒரு நர்ஸிடமிருந்து பிறந்த வழக்கம் இது. உங்கள் மகளிடம் போய், நர்ஸ் வேலை எடுபடாது என்கிறார்கள்!

உலக அழகிப் போட்டியில் இது இன்னும் பழையது. ‘பியூட்டி வித் எ பர்ப்பஸ்’ என்ற பெயரில் 1972-லேயே தொடங்கியது. ஹரியானாவைச் சேர்ந்த மானுஷி சில்லர் 2017-ல் உலக அழகி ஆனபோது மருத்துவ மாணவி. அவர் எடுத்துக்கொண்டது கிராமப் பெண்களின் மாதவிடாய் சுகாதாரம். ‘சக்தி’ என்று பெயர் வைத்திருந்தார். 2025-ல் ஹைதராபாத்தில் நடந்த போட்டியில் வென்ற தாய்லாந்தின் ஓபல் சுசாதா மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக வேலை செய்கிறவர். இளம் வயதில் அவருக்கே மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. இருவருமே தங்கள் வாழ்க்கைக்குள் இருந்ததைத்தான் எடுத்தார்கள்.

ரத்தசோகை சின்ன விஷயமா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகை உள்ளவர்கள். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் ஏன் குறையவில்லை என்பது ஊருக்குள் போகிறவளுக்குத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். வயிறு பிரட்டும். பயந்து நிறுத்திவிடுவார்கள். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களில் சிலர் டீயோடு விழுங்குவார்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி புளிப்பு சேர்ந்தால் நன்றாகச் சேரும். இதைச் சொல்லிப் பத்துப் பெண்களை மாத்திரையைத் தொடரவைத்தால், அது போதும், அதுதான் பணி.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசிக் கேள்விச் சுற்றில் பதில் சொல்ல அரை நிமிடம்தான் கிடைக்கும். “உலக சமாதானம்”, “பெண்கள் முன்னேற்றம்” என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கே திணறுவார்கள். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திய ஒரு பெண்ணிடம், அது சாதாரணம்தான் என்று புரியவைத்ததை உங்கள் மகள் சொன்னால் அரங்கம் கேட்கும். கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை, அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏறியிருக்கும்.

அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். போஸ்டிங் போன ஊர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். கல்லூரியில் அனுமதி வாங்கி, அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து, போட்டி முடிந்த பிறகும் போய்வரும்படி திட்டமிடட்டும். பெண்களின் முகமோ பெயரோ படத்தில் வர வேண்டாம். அவள் பேசுவதை மட்டும் எடுத்தால் போதும். அதை ஏற்கமாட்டோம் என்று ஒரு போட்டி சொன்னால், அது எப்படிப்பட்ட போட்டி என்று தெரிந்துவிடும்.

சரி, இனி பணம். அழகிப் போட்டிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. 1964 முதல் நடக்கும் ஃபெமினா மிஸ் இந்தியா ஒரு வகை. ஊருக்கு ஊர், ஹோட்டலுக்கு ஹோட்டல் நடக்கும் ‘மிஸ்’ பட்டங்கள் இன்னொரு வகை. அவற்றில் நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பங்கேற்கும் பெண்களின் கட்டணத்திலேயே பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஆளுக்கொரு பட்டம் உண்டு: சிறந்த புன்னகை, சிறந்த கூந்தல், சிறந்த நடை. அதனால் கட்டுவதற்கு முன், இங்கே ஜெயித்தால் எந்தத் தேசியப் போட்டிக்கு அனுப்புவீர்கள், அதற்கான உரிமம் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 45,000 ரூபாய்க்குக் கணக்கையும் ரசீதையும் கேளுங்கள். விலகினால் எவ்வளவு திரும்பி வரும், டிக்கெட் விற்றுத்தரச் சொல்வீர்களா, பரிசு பணமாகவா கூப்பனாகவா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். எல்லாவற்றையும்விட, போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் ஜெயித்த பெண்களிடம் நீங்களே போனில் பேசுங்கள். ஜெயித்த பிறகு அவர்களை எங்கே கூப்பிட்டார்கள், எத்தனை விழாவில் நிற்கவைத்தார்கள், பயணச் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். எண் தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஜெயித்தவர் ஒரு வருடமோ அதற்கு மேலோ அவர்களுக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டும், விளம்பர வருமானத்தில் இவ்வளவு பங்கு, அவள் படங்களை அவர்கள் பயன்படுத்தலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரு வக்கீல் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். இரவு ஒத்திகை, ஹோட்டல் தங்கல் என்றால் கூட யார், எந்தப் பெண் பொறுப்பாளர் என்பதும் தெரிய வேண்டும். தனியாக ஒரு ‘ஸ்பான்சரை’ச் சந்திக்கச் சொன்னால், அந்த நிமிடமே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவையுங்கள்.

உடைக்காகக் கடன் வாங்காதீர்கள். 1994 மிஸ் இந்தியா மேடையில் சுஷ்மிதா சென் அணிந்தது டெல்லி சரோஜினி நகர் கடைத்தெருத் துணி. வீட்டுப் பக்கத்தில் பெட்டிகோட் தைக்கும் டெய்லர் தைத்தது. கையுறைகள் புது சாக்ஸை வெட்டிச் செய்தவை. அவரே இதைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே வருடம் மிஸ் யுனிவர்ஸும் ஆனார். நல்ல அளவில் தைத்த ஒரு கவுன், பழகிய ஒரு ஜோடி ஹீல்ஸ் போதும். ஹீல்ஸை மட்டும் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டுக்குள் தினமும் அரை மணி நேரம் நடந்து பழகட்டும். புதுச் செருப்போடு மேடை ஏறினால் கால் கடிப்பது முகத்தில் தெரியும். கவுனையும் போட்டுக்கொண்டு நடந்து பார்க்கட்டும். திரும்பும்போதுதான் ஹீல்ஸ் விளிம்பில் மாட்டும். ஊசி, நூல், சேஃப்டி பின், இருபக்கமும் ஒட்டும் டேப் எல்லாம் பையில் இருக்கட்டும்.

நிற விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எந்த கிரீமும் வேண்டாம், எந்த ஊசியும் வேண்டாம். நர்சிங் படிக்கிறவளுக்கு ஊசி போட்டு வெளுக்கவைக்கும் ‘டிரீட்மென்ட்’டின் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இந்திய அழகிப் போட்டிகளில் வெள்ளைத் தோல் மோகம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். 2019-ல் மிஸ் இந்தியா இறுதிப் போட்டியாளர்களின் படங்களை ஒன்றாகப் பார்த்தவர்கள், எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்களே என்று விமர்சித்தார்கள். ஆனால் அதே வருடக் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் சோசிபினி துன்சி, கறுப்பு நிறத்தோடும் ஒட்ட வெட்டிய சுருட்டை முடியோடும் மிஸ் யுனிவர்ஸ் ஆனார். தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து 2014-க்கான மிஸ் அமெரிக்காவான நீனா தவுலுரி, பின்னாளில் சிவப்பழகு கிரீம்களுக்கு எதிராகவே பிரசாரம் செய்தார். உங்கள் மகள் அவள் நிறத்தோடு போகட்டும். அதற்காக ஒதுக்கினால் ஒதுக்கட்டும். தோற்றுவிட்டு வந்தாலும் அவள் தோல் அவளுக்குப் பத்திரமாக இருக்க வேண்டும்.

உடம்பைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்கவும் விடாதீர்கள். ரத்தசோகை பற்றிப் பேசப் போகிறவள் மயங்கி விழக் கூடாது. 2021 மிஸ் யுனிவர்ஸ் ஹர்னாஸ் சாந்து, ஜெயித்த சில மாதங்களில் எடை கூடியதற்காக வலைதளங்களில் கேலிக்கு ஆளானார். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் தனக்கு இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஜெயித்தாலும் இந்தப் பேச்சு நிற்காது. இது தெரிந்தே அவள் போக வேண்டும்.

உங்கள் கணவரைப் பழமைவாதி என்று நான் ஒதுக்கமாட்டேன். 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, விவசாய அமைப்புகள் முதல் பெண்கள் அமைப்புகள் வரை எதிர்த்தன. நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்கு மாற்ற வேண்டி வந்தது. 2015 முதல் உலக அழகிப் போட்டியில் அந்தச் சுற்றே இல்லை. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்ததால்தான் இந்த மாற்றமெல்லாம் வந்தது என்று நினைக்கிறேன். பெண்ணை நிறுத்தி மார்க் போடுவது எனக்கும் உவப்பில்லை. ஆனால் 20 வயதுப் பெண் தெரிந்தே எடுக்கும் முடிவைத் தடுப்பது அதைவிடப் பெரிய தவறு. உங்கள் ஊர்ப் பெண் அனுகீர்த்தி வாஸ், சென்னை லயோலாவில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தபோது 19 வயதில் மிஸ் இந்தியா ஆனவர். அம்மாவின் வளர்ப்பில் வந்த பிள்ளை. உங்கள் கணவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

அவருக்கு ரீட்டா ஃபாரியாவைப் பற்றியும் சொல்லுங்கள். 1966-ல் ஆசியாவிலிருந்து முதன்முதலாக உலக அழகி ஆனவர், மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவி. இரவல் உடைகளோடு லண்டன் போனவர். பட்டத்துக்குரிய ஒரு வருடம் முடிந்ததும் சினிமா, மாடலிங் எல்லாவற்றையும் மறுத்துவிட்டுப் படிக்கப் போனார், டாக்டரானார். ஒப்பந்தம் வந்ததும் அதை முதலில் கணவர் கையில் கொடுங்கள். “வேண்டாம்” என்று கத்துகிறவரை, “இதில் எந்த வரி சரியில்லை, சொல்லுங்கள்” என்று கேளுங்கள். சென்னைக்கு மகளோடு அவரே போகட்டும்.

கடைசியாகப் படிப்பு. நர்சிங்கில் வகுப்புக்கும் பிராக்டிகலுக்கும் 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் வருகையை 100 சதவீதமாக நிறைவு செய்தாக வேண்டும். போட்டிக்காரர்கள் ஒத்திகைத் தேதிகளைத் தந்ததும், போஸ்டிங் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். இடித்தால், இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் போகலாம் என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு அப்போதும் வயது 21தான். அந்த ஊர்ப் பெண்களைப் பார்க்கப் போவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், இந்த மாதமே தொடங்கட்டும்.