ஊன்றிய கால்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். உள்ளூர்க் கால்பந்து அணி ஒன்றில், தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பராக ஆடுகிறான். சென்ற மாதம் காரைக்குடிப் பக்கம் நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு நானும் உடன் போயிருந்தேன். எதிரணியினர் வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஒரு முன்கள ஆட்டக்காரரை இறக்கியிருந்தார்கள். அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. இடைவேளையில் எங்கள் பயிற்சியாளர் என் மகனைத் தனியே அழைத்து, "பந்து போனாப் போகட்டும், ஆள் போகக் கூடாது. எடுத்த எடுப்புல கணுக்காலைப் பாத்து ஒண்ணு வையி, அப்புறம் அவன் ஆடமாட்டான்" என்றதை என் காதால் கேட்டேன். மகன் அதைச் செய்யவில்லை. தோற்றுவிட்டோம். திரும்பும்போது வேனில் எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். பயிற்சியாளரிடம் கேட்டேன். "டிவியில பெரிய ஆளுங்க ஆடுறதப் பாக்கிறதில்லையா? அங்க இதைவிட மோசம். நம்ம மஞ்சுவிரட்டுல ரத்தம் வராமயா இருக்கு? பயந்தவன் கேரம் ஆடட்டும்" என்றார். தொழில்முறை ஆட்டத்தில் இது உண்மையிலேயே ஒரு பகுதிதானா? நீங்களும் ஒரு காலத்தில் ஆடியவர் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

பெரிய ஆட்டத்தில் இது உண்டு என்று உங்கள் பயிற்சியாளர் சொன்னது உண்மைதான், அதை மறுக்க முடியாது. 1983 செப்டம்பரில் பார்சிலோனா மைதானத்தில் அத்லெட்டிக் பில்பாவோ அணியின் கோய்கோசெயா பின்னாலிருந்து வந்து மரடோனாவின் கணுக்காலை உடைத்தார். அதே ஆள் அதற்கு 2 ஆண்டு முன்பு அதே பார்சிலோனாவின் ஷூஸ்டரின் முழங்காலையும் பதம்பார்த்திருந்தார். 1982 ஜூலை 8 அன்று செவில்லில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஷூமாகர் ஓடிவந்த வேகத்தில் எகிறி இடுப்பால் பிரான்ஸின் பத்திஸ்தோன் முகத்தில் மோதினார். பத்திஸ்தோனுக்குப் பற்கள் விழுந்தன, முதுகெலும்பு அடிபட்டது, நினைவு தப்பியது. நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்காமல், பந்தை மேற்கு ஜெர்மனிக்கே தரும் கோல் கிக் கொடுத்தார். இப்படி எத்தனையோ சொல்லலாம். ஆனால் இருப்பதெல்லாம் ஆட்டத்தின் பகுதி ஆகிவிடுமா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குப் போகும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

நானும் ஸ்டாப்பராகத்தான் ஆடினேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில், உங்கள் மகன் கேட்ட அதே வாக்கியத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், நானும் கேட்டேன். எதிரணியில் ஆத்தங்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன். ஒல்லியாக இருப்பான், இடது காலால் பந்தை இழுத்து வலது பக்கம் நழுவுவான். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் அவன் அப்படி நழுவியபோது பந்து அவனிடமிருந்து ஒரு கஜம் தள்ளி உருண்டுவிட்டிருந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை. அவன் தரையில் ஊன்றிய வலது காலைத்தான் பார்த்தேன். உதைத்தபோது வந்த சத்தம், காய்ந்த முருங்கைக் கொம்பை முறித்தால் வருமே, அதுபோல இருந்தது. ரெஃப்ரி விசில் ஊதினார், மஞ்சள் அட்டை காட்டினார், அவ்வளவுதான். எங்கள் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டினார். நாங்கள் ஜெயித்தோம்.

கால்பந்து ஆடியவர்களுக்கு இது தெரியும், ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீசிய காலில் அடி விழுந்தால் அந்தக் கால் அடியோடு சேர்ந்து போய்விடும். சதை வீங்கும், இரண்டு வாரத்தில் சரியாகும். ஊன்றிய காலில் உடம்பின் பாரம் முழுவதும் இறங்கியிருக்கிறது, பூட்ஸின் முள் மண்ணில் பதிந்திருக்கிறது. அடியை வாங்கிக்கொண்டு விலகிப் போக அதற்கு இடமில்லை. எனவே எலும்போ தசைநாரோ ஒன்று போயாக வேண்டும். "கணுக்காலைப் பார்த்து" என்று சொல்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார். கோபத்தில் ஒருவன் உதைப்பது வேறு. இது உடற்கூற்றை அறிந்து, எந்த நிமிடத்தில் என்ன அட்டை வரும் என்று கணக்குப் போட்டுச் செய்யும் வேலை. தொடக்கத்தில் விழும் முதல் அடிக்கு ரெஃப்ரி சிவப்பு அட்டை எடுக்கத் தயங்குவார் என்பது உள்ளூர் மைதானத்திலிருந்து உலகக் கோப்பை வரை எல்லாத் தடுப்பாட்டக்காரர்களுக்கும் தெரிந்த ரகசியம்.

அந்தப் பையன் ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் தரை ஓடு போடும் பட்டறையில் வேலை செய்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தைச் சிறு கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிற வேலை. அவனுடைய பட்டறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் அதைச் செய்தார்கள். கட்டு வைத்தியரிடம் போய் உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். கால் கூடியது, ஆனால் மடங்கவில்லை. சம்மணம் போட முடியாதவனுக்குப் பட்டறையில் வேலை இல்லை. சில மாதம் கழித்து நான் அவனைப் பார்க்கப் போனேன். காலை நீட்டித் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "வாங்கண்ணே" என்றான். அவன் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எப்படியோ தட்டுத்தடுமாறி "ஆட்டத்துல பட்டுருச்சு தம்பி" என்றேன். "அப்ப பந்து அங்க இல்லையேண்ணே" என்றான். குரலில் கோபமே இல்லை. அந்த மோரைக் குடித்தேனா, வைத்துவிட்டு வந்தேனா என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலும் அவன் சொன்னதுதான். பந்து அங்கே இருந்ததா? இருந்து, அதற்காகப் போய், கால் உடைந்தால் அது விபத்து. வருந்த வேண்டியது, ஆனால் ஆட்டத்துக்குள் நடந்தது. பந்து இல்லாத இடத்தில் கால் உடைந்தால் அது ஆட்டத்துக்கு வெளியே நடந்தது, சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே நடந்திருந்தாலும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, இதற்கு ஓர் உதாரணமே தருகிறது. இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு ஆட ஒப்புக்கொள்கிறார்கள். அதன் பொருள், முறைகேடு இல்லாமல் ஆடும்போது படும் காயத்தை இருவரும் ஏற்கிறார்கள் என்பது. ஒழுங்காக ஆடி ஒருவர் மற்றவரைக் காயப்படுத்தினால் குற்றமில்லை. மைதானத்தில் இறங்குகிறவன் கொடுக்கும் சம்மதம் அவ்வளவுதான். அதிலும் கொடுங்காயம் விளைவிக்கும் எண்ணத்தோடு செய்த எதையும் அந்தப் பிரிவு காப்பாற்றாது. எலும்பு முறிவு நம் சட்டத்தில் கொடுங்காயம். அப்படிச் செய்யச் சொன்னவருக்கும் அதில் பங்குண்டு. உங்கள் பயிற்சியாளர் இதை அறிந்திருக்கமாட்டார், அறிந்துகொள்வது நல்லது.

பெரிய ஆட்டத்தின் சங்கடம் வேறு. எண்ணம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 1990களின் நடுவில் ஆட்ட விதியிலிருந்து "வேண்டுமென்றே" என்ற சொல்லை ஃபவுல் விஷயத்தில் எடுத்துவிட்டு, கவனக்குறைவு, முன்பின் யோசியாமை, மிகைப்பலம் என்ற மூன்று படிகளை வைத்தார்கள். மிகைப்பலத்துக்குச் சிவப்பு அட்டை. நடுவர் இனி யாருடைய மனத்தையும் படிக்க வேண்டாம், உதையின் வலுவைப் பார்த்தால் போதும். எனக்கு இது நல்ல மாற்றமாகவே தோன்றுகிறது. ஆனாலும் கண்ணுக்கு அருவருப்பானதைத் தண்டிக்கிற பழக்கம் போகவில்லை. 2014 உலகக் கோப்பையில் ஜூன் 24 அன்று உருகுவேயின் சுவாரஸ் இத்தாலியின் கியெல்லினியைத் தோளில் கடித்தார். 9 சர்வதேச ஆட்டங்களுக்கும், 4 மாதம் எல்லாக் கால்பந்து நடவடிக்கைகளுக்கும் தடை. பத்தே நாள் கழித்து, ஜூலை 4 அன்று, கொலம்பியாவின் சூனிகா பின்னாலிருந்து எகிறி முழங்காலால் நெய்மாரின் முதுகில் இடித்தார். நெய்மாரின் இடுப்பு முதுகெலும்பு முறிந்தது, போட்டி அவருக்கு முடிந்தது. சூனிகாவுக்கு மஞ்சள் அட்டைகூட இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் சொன்னார், அப்படியும் இருக்கலாம். ஆனால் சுவாரஸின் பல் பட்ட இடம் சில நாளில் ஆறியது, சூனிகாவின் முழங்கால் பட்ட இடம் ஆற வாரக்கணக்கானது.

எண்ணம் வெளிப்படுவது, செய்தவரே வாயைத் திறக்கும்போதுதான். 2001 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ராய் கீன், மான்செஸ்டர் சிட்டியின் ஆல்ஃபி ஹாலண்டை முழங்காலில் மிதித்தார். அடுத்த ஆண்டு தன்வரலாற்றில் அதைப் பழிவாங்கலாகவே எழுதியதும், இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் மேலும் 5 ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் விதித்தது. (கீன்தான் ஹாலண்டின் ஆட்டவாழ்வை முடித்தார் என்று பலர் சொல்வார்கள், ஹாலண்ட் அன்றைய ஆட்டத்தை ஆடி முடித்தார், அவரை முடக்கியது அடிபடாத இடது முழங்கால். குற்றம் சாட்டும்போதும் கணக்குச் சரியாக இருக்கட்டும்.) அமெரிக்கக் கால்பந்து, பெயரில் மட்டுமே உறவுள்ள வேறு ஆட்டம், அங்கே இன்னும் வெளிப்படை. 2009 முதல் 2011 வரை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குள் ஒரு பரிசுப் பண நிதி புழங்கியதை அந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீக் 2012இல் வெளியிட்டது: எதிரியைக் களத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகவைத்தால் 1,000 டாலர், மறுபடி இறங்காதபடி செய்தால் 1,500 டாலர். தலைமைப் பயிற்சியாளருக்கு ஓர் ஆண்டு முழுவதும் தடை. ஆட்டக்காரர்களுக்கு விதித்த தடை பிறகு மேல்முறையீட்டில் நீங்கியது. பொறுப்புப் பெரிதும் பயிற்சியாளர்களையும் நிர்வாகத்தையும் சேர்ந்தது என்றார்கள். உங்கள் வேனில் நடந்த கேலிக்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம்.

மஞ்சுவிரட்டைப் பற்றி உங்கள் பயிற்சியாளர் சொன்னதுதான் எனக்கு அதிகம் கோபமூட்டியது. மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயலுக்குப் போன யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். வாடிவாசல் வைத்த ஊர்களில் திமிலைத்தான் அணையலாம். வாலைப் பிடித்துத் தொங்குகிறவனையும் காலைப் பிடித்து இழுக்கிறவனையும் களத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள். மாட்டின் காலுக்குக் கொடுக்கும் மரியாதையைத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்கு நான் கொடுக்கவில்லை.

மகனை அணியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். இருப்பதிலேயே அவனுக்குத்தான் ஸ்டாப்பர் வேலை கொஞ்சம் புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வேகமான ஆளை நிறுத்த வேறு வழி இருக்கிறது: பந்தைப் பறிக்க அவசரப்படாமல், ஒரு கை தூரம் விட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, பின்வாங்கிக்கொண்டே அவனை அவனுக்கு வராத காலின் பக்கமாகக் கோட்டை நோக்கி ஓட்டிக்கொண்டு போவது. அவன் தலை குனிந்து பந்தைப் பார்க்கும் அந்த நொடியில்தான் கால் வைக்க வேண்டும். எழுத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் காரைக்குடியில் மைதானத்தில் இருப்பேன்; என் முழங்கால் ஓட விடாது, நின்ற இடத்தில் காட்டலாம். பயிற்சியாளரும் வர விரும்பினால் அழைத்து வாருங்கள், அவரிடம் எனக்குப் பகை ஒன்றுமில்லை.